ஓட்டுப் போட ஊருக்குப் போகிறவர்களோடு

நவம்பர் 17, 2022, வியாழன் – கோலாலம்பூர்

பத்துமலை, பினாங்கு, முடிந்தால் கேமரன் மலை என்று திட்டம் போட்டுத்தான் மலேசியா வந்தேன். வந்து இறங்கியதிலிருந்து கண்ணில் படுவதெல்லாம் கொடி. சாலை நடுத்தடுப்பு, மேம்பாலக் கைப்பிடி, விளக்குக் கம்பம், மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டிய கயிறு என்று ஓர் இடம் விடவில்லை. நீலத்தில் வெள்ளைத் தராசு தேசிய முன்னணி, சிவப்பு பக்காத்தான் ஹராப்பான், அடர்நீலம் பெரிக்காத்தான் நேசனல். நாளை மறுநாள் 15ஆவது பொதுத் தேர்தல். விமானச் சீட்டு எடுத்தபோது நாடாளுமன்றம் கலைக்கப்படவே இல்லை.

காலையில் பிரிக்பீல்ட்ஸ் கடையில் இரண்டு தோசை, ஒரு தே தாரிக் (நுரை வர ஆற்றிய பால் தேநீர்), 6 வெள்ளி (ரிங்கிட்) 20 காசு. சாம்பாரில் இனிப்பு தூக்கல், ஆனால் தே தாரிக்குக்காக இன்னொரு முறை அதே கடைக்குப் போவேன். பக்கத்து மேசையில் ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், இரண்டு தமிழர்கள். சீருடையைப் பார்த்தால் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். பேச்சு முழுக்கத் தேர்தல்தான் என்பது கட்சிப் பெயர்கள் அடிபடுவதில் தெரிந்தது. நால்வருக்கும் நாலு கட்சி போலிருக்கிறது. குரல் ஏறியது, இறங்கியது. எழுந்தபோது நால்வருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தவர், அதுவரை எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தவர்.

செந்தூல் பக்கம் போக வண்டி பிடித்தேன். ஓட்டியவர் தமிழர். ‘பத்து’ என்ற பெயருள்ள தொகுதியில் மட்டும் 10 வேட்பாளர்கள் என்று அவர்தான் சொன்னார். போன தேர்தலில் அங்கே கட்சி வேட்பாளரின் மனு தள்ளுபடியாகி, சுயேச்சையாக நின்ற 22 வயது மாணவர் பிரபாகரனுக்குக் கட்சியே ஆதரவு கொடுத்து அவர் ஜெயித்த கதையையும் சொன்னார். நாடாளுமன்றத்துக்கு நிற்க முன்பணம் 10,000 வெள்ளி. எட்டில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் பணம் போய்விடும்.

“நாளைக்கு வண்டி எடுக்க மாட்டேன் தங்கச்சி. செகாமாட் போறேன். ஐ.சி.யில அந்த அட்ரஸ்தான் இருக்கு.”

ஐ.சி. என்றால் அடையாள அட்டை. இங்கே 20 வருடமாகக் குடியிருக்கிறார். முகவரியை மாற்றிக்கொள்ளலாமே என்றேன். “அம்மா அப்பா அங்க இருக்காங்க. நானு, தம்பி, தங்கச்சி எல்லாரும் ஒண்ணா வரிசையில நிப்போம். மாத்தணும்னு தோணல.” 200 கிலோமீட்டர் போய் ஓட்டுப் போட்டுவிட்டு, ஞாயிறு திரும்பி, திங்கள் மறுபடி ஓட்டுவாராம். இதற்காகவே அரசு 18, 19 இரண்டு நாளும் விடுமுறை விட்டிருக்கிறது.

மாலை நாலு மணிக்கு வானம் இருட்டி, ஐந்துக்குள் கொட்டித் தீர்த்தது. மழைக்காலத்தில் ஏன் தேர்தல் என்ற கோபத்தைக் கேட்டவரிடமெல்லாம் கேட்கிறேன். போன டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றவர்களுக்கு அந்தக் கோபம் நியாயம்தான்.

நவம்பர் 18, வெள்ளி – நெடுஞ்சாலை, இரவில் ஈப்போ

ஈப்போவுக்கு ரயிலில் ஓர் இருக்கை கூட இல்லை. பத்து மணி பஸ் பன்னிரண்டே முக்காலுக்கு வந்தது. ஏன் தாமதம் என்று சொல்ல அந்தக் கம்பெனி ஆள் யாரும் முகம் காட்டவில்லை. ஆனால் காத்திருந்த கூட்டத்தில் ஒருவரும் கத்தவில்லை. ஒரு பாட்டி தன் துணிப்பையை நகர்த்தி எனக்கு உட்கார இடம் விட்டார். எதிரே ஒரு பையன் தரையில் உட்கார்ந்து, யார் கேட்டாலும் தன் பவர்பேங்கைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

கோலாலம்பூரிலிருந்து ஈப்போ 200 கிலோமீட்டர், சாதாரணமாக மூன்று மணி நேரம். இன்று ஏழு மணி நேரத்துக்கு மேல். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுக்க வாகனம், எல்லாம் ஒரே திசையில். எதிர்ப்பக்கம் காலியாகக் கிடந்தது. வேலை தேடி நகரத்துக்கு வந்த ஒரு தலைமுறையே ஒரே நாளில் ஊர் திரும்புகிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இப்படிக் கூட்டம் பார்த்திருக்கிறேன். ஓட்டுக்காகப் பார்த்ததில்லை.

பக்கத்து இருக்கையில் அலோர் ஸ்டார் போகும் மலாய் மாணவி. 19 வயது, முதல் ஓட்டு. வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்து, பெயரைத் தானாகவே பட்டியலில் சேர்க்கும் முறையும் வந்த பிறகு நடக்கும் முதல் பொதுத் தேர்தல் இது. 2018இல் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர்கள் இப்போது 2 கோடியே 11 லட்சம். அவள் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அப்பாவுக்கு ஒரு கட்சி, அண்ணனுக்கு ஒன்று, அதனால் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாகத் தேர்தல் பேச அம்மா தடை போட்டிருக்கிறாராம்.

தாப்பா ஓய்விடத்தில் கழிப்பறைக்கே அரை மணி வரிசை. சோறு தீர்ந்துவிட்டது. வெட்டிய கொய்யா ஒரு பை 4 வெள்ளி, அசாம்பொடி தூவியது. மாணவி தன் டப்பாவைத் திறந்து பாண்டான் வாசம் வந்த பச்சைப் பலகாரம் இரண்டை என் கையில் வைத்தாள். முன் இருக்கைச் சீனப் பெரியவரும் சொங்கோக் தொப்பி போட்ட மலாய்ப் பெரியவரும் முட்டை விலை, கோழி விலை பேசிக்கொண்டிருப்பதை அவளே எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். கோழிக்கு அரசு வைத்த உச்சவிலை கிலோ 9 வெள்ளி 40 காசு; அந்த விலைக்கு எந்தச் சந்தையில் நல்ல கோழி கிடைக்கிறது என்பதுதான் அவர்களுடைய வழக்கு.

ஈப்போ அமான்ஜெயா நிலையத்தில் அக்கா காத்திருந்தார். அக்கா என்றால் அம்மாவின் சிநேகிதியின் மகள். நேரில் பார்ப்பது இதுவே முதல் தடவை. காரில் ஏறியதும், “பசியாறிட்டுப் படுக்குறியா, செராமா பாக்குறியா?” என்றார். செராமா என்றால் தேர்தல் கூட்டம். தூக்கம் கண்ணைச் சொருகினாலும் செராமா என்றேன்.

கூட்டம் ஒரு கடைத்தெருவின் கார் நிறுத்துமிடத்தில். மேடை சிறியது, நாற்காலிகள் நிரம்பி, ஜனம் கார்கள் மேல் சாய்ந்து நின்றது. மலாயில் தொடங்கி, சீனத்துக்குப் போய், இரண்டு நிமிடம் தமிழுக்கு வந்து, மறுபடி மலாய். நடுவே வாளி சுற்றி வந்தது. நன்கொடை! கூட்டத்துக்கு வந்தவருக்குக் கட்சி காசு தருவதைப் பற்றிக் கேட்டே வளர்ந்தவள் நான். இங்கே ஐந்தும் பத்துமாக ஜனம் போடுகிறது. செருப்புத் தேய்ந்த ஒரு பெரியவர் மடித்த ஒரு வெள்ளித் தாளை வாளியில் போட்டதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

நம் ஊரில் வாக்குப்பதிவு முடிய 48 மணி நேரம் இருக்கும்போதே பிரசாரம் ஓய்ந்துவிடும். இங்கே முந்தின நாள் நள்ளிரவு வரை பேசலாம். 11.50க்கு மேல் பேச்சாளர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். பன்னிரண்டடிக்க மைக் அணைந்தது. பத்தே நிமிடத்தில் நாற்காலிகள் அடுக்கப்பட்டுவிட்டன.

நவம்பர் 19, சனி – சுங்கை சிப்புட்

அக்காவின் ஓட்டு ஈப்போவில் இல்லை. வடக்கே 30 கிலோமீட்டர் தள்ளி, அவர் பிறந்த தோட்டத்துக்குப் பக்கத்தில், சுங்கை சிப்புட்டில். ஏழு மணிக்கே கிளம்பினோம். சுண்ணாம்புக் குன்றுகளின் இடுப்பில் மேகம். வழியெல்லாம் செம்பனை. “இதெல்லாம் பால்மரமா இருந்துச்சு, எங்கம்மா வெட்டுன மரம்” என்று ஒரு வளைவில் அக்கா கையைக் காட்டினார். பால்மரம் என்றால் ரப்பர் மரம், வெட்டுவது என்றால் பாலெடுக்கக் கீறுவது.

இந்த ஊர் மலேசியத் தமிழர் அரசியலின் தாய்வீடு. மலேசிய இந்தியர் காங்கிரசை நீண்டகாலம் வழிநடத்திய துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து அவர்கள் பெயரிலேயே தோட்டம் வாங்கியவர். அவருக்குப் பின் 1974இலிருந்து 2008 வரை இந்தத் தொகுதி அதே காங்கிரசின் சாமிவேலுவிடம். 2008இல் அவரைத் தோற்கடித்தவர் சோசலிசக் கட்சியின் மருத்துவர் ஜெயகுமார் தேவராஜ். சாமிவேலு இந்த செப்டம்பரில்தான் காலமானார். இந்தத் தடவை மலேசிய இந்தியர் காங்கிரசின் இன்றைய தலைவர் விக்னேஸ்வரன் நிற்கிறார். எதிரே பக்காத்தான் ஹராப்பானின் கேசவன். இதையெல்லாம் நான் புத்தகத்தில் தேடவில்லை. பள்ளிக்கூட வாசலில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) விற்ற அம்மாவே, பொட்டலம் கட்டிக்கொண்டே, முக்கால்வாசியைச் சொல்லிவிட்டார். பொட்டலம் 2 வெள்ளி 50 காசு. சம்பால் நாக்கைச் சுட்டது, நெத்திலி மொறுமொறு.

வாக்குச் சாவடிப் பள்ளிக்குள் எனக்கு அனுமதி இல்லை. வேலிக்கு வெளியே மரத்தடியில் நின்று பார்த்தேன். வயதை வைத்து வரிசை பிரிக்கிறார்கள். முதல் சாலுரான், அதாவது வாக்களிக்கும் வரிசை, மூத்தவர்களுக்கு, கடைசி சாலுரான் இளையவர்களுக்கு. முதல் வரிசை சின்னது, கடைசி வரிசை கதவைத் தாண்டி மைதானத்தில் வளைந்திருந்தது. இந்த ஊர் இருக்கும் பேராக் மாநிலத்தில் இன்றைக்கு இரண்டு வாக்குச்சீட்டு, நாடாளுமன்றத்துக்கு ஒன்று, மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒன்று. 13 மாநிலங்களில் பேராக், பகாங், பெர்லிஸ் மட்டுமே கூட்டாட்சித் தேர்தலோடு தங்கள் சட்டமன்றத்தையும் சேர்த்துக் கலைத்தன. எந்திரம் கிடையாது, காகிதத்தில் பெருக்கல் குறி. மை மட்டும் நம்மைப் போலவே இடக்கை ஆள்காட்டி விரலில்.

மரத்தடியில் எனக்கு முன்பே ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். கண்டாங்கி, வெற்றிலைப் பை. பேரன், பேத்தி, மருமகள் மூவரும் உள்ளே வரிசையில். ஓட்டுப் போட்டாச்சா பாட்டி என்று கேட்டேன். பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். சிவப்பு.

குடியுரிமை இருந்தால் அட்டை நீலம். சிவப்பு என்றால் நிரந்தரவாசி. இங்கேயே இருக்கலாம், ஓட்டு கிடையாது. பாட்டி பிறந்தது இதே தோட்டத்து லயத்தில். பிறப்பைப் பதிய அன்று யாரும் பட்டணம் போகவில்லை. பின்னால் எழுதிப் போட்ட விண்ணப்பங்களில் சில திரும்பி வந்தன, சிலவற்றுக்குப் பதிலே இல்லை. “அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வந்து, நீல ஐ.சி வாங்கித் தரோம் பாட்டின்னு சொல்லிட்டுப் போவாங்க. வர்றவங்க வயசு கொறஞ்சுக்கிட்டே வருது, எனக்குக் கூடிக்கிட்டே வருது” என்றார். குரலில் புகார் இல்லை. எனக்குத்தான் ஆறவில்லை. இந்த மண்ணில் பால்மரம் வெட்டி முதுகு வளைந்த ஒருவர் வேலிக்கு வெளியே. நேற்று 18 முடிந்த பேரன் உள்ளே. அவன் ஓட்டுப் போட வேண்டும், வேண்டாமென்று யார் சொல்வார்கள்? பாட்டி ஏன் வெளியே என்பதற்குத்தான் பதில் வேண்டும்.

பேரன் வெளியே வந்ததும் மைவிரலைப் பாட்டியிடம் நீட்டினான். பாட்டி அதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சாப்புட்டியாடா?” என்றார். அக்கா அவர்கள் வீட்டு நம்பரைக் கைப்பேசியில் பதிந்துகொண்டார்.

ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் அங்கங்கேயே எண்ணத் தொடங்கிவிட்டார்கள். நமக்கானால் வாரக்கணக்கில் காத்திருப்பு. ஈப்போவில் அக்கா வீட்டுத் தொலைக்காட்சி முன் அக்கம்பக்கமெல்லாம் கூடியது. மீன்கறி, அப்பளம், பெரிய பானை நிறைய மைலோ. சுங்கை சிப்புட்டில் கேசவன். பக்கத்துத் தம்புனில் பக்காத்தான் தலைவர் அன்வார். லங்காவியில் முன்னாள் பிரதமர், 97 வயது மகாதீர் முன்பணமே இழந்தார் என்றபோது அறையே வாயடைத்தது. 1969க்குப் பிறகு அவர் தோற்பது இதுதான் முதல் தடவை. மலேசிய இந்தியர் காங்கிரசுக்குத் தாப்பாவில் சரவணன் மட்டும் தேறினார்.

நள்ளிரவுக்கு மேல் எண்கள் யாருக்கும் பிடிபடவில்லை. 222 இடங்களில் 112 வேண்டும். பக்காத்தான் ஹராப்பான் 82, பெரிக்காத்தான் நேசனல் 73, 2018 வரை 61 ஆண்டு ஆண்ட கூட்டணியான தேசிய முன்னணிக்கு 30. யாருக்கும் இல்லை. அங்கிருந்த ஓர் அண்ணன் தாளில் கூட்டல் போட்டுப் போட்டு அடித்தார். சரவாக்கில் பாராம் தொகுதியில் மழையால் பதிவே முடியவில்லை என்று கீழே செய்தி ஓடியது. எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

நவம்பர் 20, ஞாயிறு – புந்தோங்

உடம்பு அடித்துப்போட்டது போல் இருந்தது. மாலையில் புந்தோங் போய் கச்சான் பூத்தே வாங்கினோம். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக முறுக்கு, பகோடா, வறுத்த கடலை, காராபூந்தி போட்டு விற்கும் தெரு. கலவை ஒரு பை 5 வெள்ளி. கடைக்காரம்மா மூன்று வகையைத் தின்னக் கொடுத்து, பிடித்ததைச் சொல்ல வைத்து, பிறகுதான் நிறுத்தார். யார் பிரதமர் என்று கேட்டதற்கு, “அவங்க பேசி முடிக்கட்டும், எண்ணெய் காயுது” என்று அடுப்புக்குத் திரும்பினார்.

நவம்பர் 22, செவ்வாய் – பினாங்கு

நேற்று பேராக்கில் ஒரு முடிவு வந்துவிட்டது. 59 இடங்களில் பெரிக்காத்தானுக்கு 26, பக்காத்தானுக்கு 24, தேசிய முன்னணிக்கு 9. போன வாரம் வரை ஒருவரை ஒருவர் திட்டிய பின்னிரண்டும் சேர்ந்து ஆட்சி அமைத்துவிட்டன. மத்தியில் மாமன்னர் நேற்று இரண்டு மணி வரை கெடு கொடுத்து, பிறகு இன்று இரண்டு மணிக்குத் தள்ளினார். அதுவும் கடந்தது. அன்வாரையும் பெரிக்காத்தான் தலைவர் முகிதீனையும் அரண்மனைக்கு அழைத்து, சேர்ந்து ஆளச் சொல்லியிருக்கிறார், முகிதீன் மறுத்துவிட்டாராம்.

ஜார்ஜ்டவுனில் விடாத தூறல். நாசி கண்டார் கடையில் நாற்பது பேர் வரிசை. கோழி, வெண்டைக்காய், எல்லாக் குழம்பும் கலந்து ஊற்றி 11 வெள்ளி. இடமில்லாமல் ஒரு லாரி ஓட்டுநரின் மேசையில் உட்கார்ந்தேன். எழுந்து தன் தலைக்கவசத்தை எடுத்து, மேசையைத் தானே துடைத்துவிட்டுத்தான் என்னை உட்காரச் சொன்னார். கெடாவில் பாடாங் செராய்க்காரர். அவர் இன்னும் ஓட்டுப் போடவில்லை. தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு, 16ஆம் தேதி, அங்கே வேட்பாளர் கருப்பையா திடீரென்று இறந்துபோக, வாக்குப்பதிவை டிசம்பர் 7க்கு மாற்றிவிட்டார்கள்.

“நல்ல மனுசன். அவருக்குப் போடலாம்னு இருந்தேன். இப்ப ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நாட்டுல முடிவு ஆனப்புறம் நாங்க போடணும்.” டிசம்பர் 7 புதன்கிழமை. அவருக்கு அன்று ஜொகூர் லோடு. முதலாளியிடம் பேசி மாற்றிக்கொண்டுவிட்டதாகச் சொன்னார்.

நவம்பர் 24, வியாழன் – கோலாலம்பூர்

காலையில் சுல்தான்கள் கூட்டம், மதியம் அரண்மனை அறிவிப்பு, ஐந்து மணிக்குப் பதவியேற்பு. பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் ஒதுங்கினேன். வெளியே இடி, மழை. பரிமாறுகிறவர்கள் வாளியும் கரண்டியுமாக அப்படியே நின்று பார்த்தார்கள். 1998இல் துணைப் பிரதமர் பதவியிலிருந்து தூக்கியெறியப்பட்டு, இரண்டு தடவை சிறை போய் வந்த அன்வார், 75 வயதில் 10ஆவது பிரதமராக உறுதிமொழி எடுக்கிறார். கல்லாவில் இருந்த பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 98இல் ஊர்வலம் போனவராம். மூலை மேசையில் மூன்று மலாய் இளைஞர்கள் முகத்தைத் தொங்கப்போட்டிருந்தார்கள். அவர்கள் ஆதரித்த பக்கம் வேறு போலும். பெரியவர் அவர்கள் பில்லை வாங்கி, கணக்குப் போட்டு, மீதியோடு ஆளுக்கொரு மிட்டாய் வைத்துக் கொடுத்தார். அவர்களும் நெஞ்சில் கை வைத்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஐந்து நாள் புது அரசுக்காகக் காத்திருந்த நாடு, ஒரு கண்ணாடி கூட உடையவில்லை. எனக்கு இந்த மக்கள் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

ராத்திரி அக்காவிடமிருந்து போன். திங்கட்கிழமை விடுமுறை என்று புதுப் பிரதமர் அறிவித்துவிட்டாராம். சுங்கை சிப்புட் பாட்டி வீட்டுக்குப் பேசினாராம். பாட்டியின் அம்மாவோடு வேலை செய்த ஒருவர் கோலகங்சாரில் இருக்கிறார், பிறப்புக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட சம்மதம் சொல்லியிருக்கிறார். திங்கள் விடுமுறை என்பதால் செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, பாட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு பதிவிலாகாவுக்குப் போகிறார் அக்கா. பாரத்தோடு என்னென்ன நகல் வைக்க வேண்டும் என்று எனக்கே ஒரு பட்டியல் வாசித்துக் காட்டினார்.